லயங்கள் ஊரான வரலாறு

“உன் ஊர் எது?” என்று வகுப்பில் நாம் வினவினால், தோட்டத்து மாணவன் முதலில் தோட்டத்தின் பெயரைக் கூறுவான், பின்னர்ப் பிரிவையும் இறுதியில் லயத்தையும் கூறுவான். “இதுவே என் ஊர்” என்று சொல்ல மட்டும் தயங்குவான். அத்தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே அருகருகே இருந்த சிற்றூர்கள் பல, ஒரு தேவாலயத்தை நடுவாகக் கொண்டு நாளடைவில் ஒரே கிராமமாயின. அங்கே குடி முந்தியது, எல்லை பிந்தியது. நம் மலைநாட்டிலோ எல்லையே முந்தியது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. 1884 இல் புகையிரதம் அட்டனை அடைந்தது. துரைமார் வகுத்த எல்லைக்குள் மலைச்சரிவுதோறும் லயங்கள் எழுந்தன. மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று அவற்றைப் பிரித்தமை, வேலையைக் கணக்கிடற்பொருட்டேயன்றி மக்கள் கூடி வாழ்தற்பொருட்டன்று.

எனினும் மக்கள் கூடினர். மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாப் பிரிவினரும் பொருள் திரட்டினர்; காமன்கூத்தை ஒருங்கே ஆடினர்; ஒரு லயத்துச் சாவுக்கு அயல் லயத்தார் தோள் கொடுத்தனர். ஆங்கிலப் பெயர் பூண்ட தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெயரும் இட்டு வழங்கினர். உள்ளத்தளவில் ஊர் அன்றே பிறந்துவிட்டது.

சட்டம் அதனை ஏற்கக் காலம் சென்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப்பணம் செலவிடத் தடையிருந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைந்தது. 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் சில இடங்களில் எழுந்துள்ளன. எனினும் லயத்திலே வாழ்வோர் இன்றும் மிகப் பலர்.

வீடும் வீதியும் அரசு தரத்தக்கன. ஊரின் வரலாற்றை ஊராரே தரல் வேண்டும். எம் லயத்தின் பழம்பெயர் யாது, கோயிலை எழுப்பியோர் யாவர் என்பன முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் மறைந்தால் அவையும் மறையும். ஆதலின் பழைய மாணவர்காள், இவ்விடுமுறையில் உங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளை ஒரு மாணவன் தயங்காது தன் ஊரைச் சொல்வதற்கு அவ்வேடு துணைசெய்யும்.