மலைப்பாதையும் சடத்துவமும்

பதுளைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலாகும். பட்டிப்பொளைக்கு அண்மையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தொடும் புகையிரதம், அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வழியாக இறங்கித் தெமோதரையை அடைகின்றது. அங்கே பாதை குன்றைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தினூடாகவே செல்கின்றது. இத்துணைச் சுற்று எதற்கு? சரிவு 44க்கு 1 என்னும் அளவை மிஞ்சலாகாது என்பதற்கே. அட்டையின்மேல் நாணயத்தை வைத்துச் சடத்துவம் கற்பிக்கும் பாடநூல்கள் பல உள. நம் மாணவர்க்கு இப்பாதையே அதனினும் நல்ல பாடம்.

சீரான வேகத்தில் இறங்கும் புகையிரதத்தின் மீதுள்ள விளையுள் விசை யாது என வினவின், வகுப்பிற் பெரும்பாலோர் கீழ்நோக்கிக் கைகாட்டுவர். விசை இருந்தாற்றான் இயக்கம் உண்டு என்னும் எண்ணம் அத்துணை ஆழமாய் வேரூன்றியது. அரித்தோத்திலின் கொள்கையும் ஏறக்குறைய அதுவே. கலிலியோ அதனை அசைத்தார். நியூற்றன் 1687இல் வெளியிட்ட தம் முதல் விதியால் அகற்றினார். வண்டியின் நிறை 220 தொன் எனக் கொள்வோம். 44க்கு 1 சரிவில் அதனைக் கீழே இழுக்கும் கூறு 5 தொன் நிறை. தடுப்பும் உராய்வும் சேர்ந்து அதே 5 தொன்னால் எதிர்க்கின்றன. ஆகவே விளையுள் விசை பூச்சியம். அங்ஙனமாயின் வண்டியை ஓட்டுவது யாது? எதுவுமன்று. ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருத்தற்கு விசை வேண்டுவதில்லை. வேகம் மாறுதற்கே விசை வேண்டும்.

தடுப்பு அறவே நீங்கினால் இரண்டாம் விதி தன் வேலையைத் தொடங்கும். உராய்வைப் புறக்கணிப்பின் ஆர்முடுகல் புவியீர்ப்பினதில் 44இல் ஒரு பங்கு. ஓய்விலிருந்து புறப்பட்ட வண்டி ஒரு நிமிடத்தில் மணிக்கு 48 கிலோமீற்றர் வேகம் பெறும். திணிவு கூடினும் குறையினும் இக்கணக்கு மாறாது.

வீதிகளோ இத்துணை மென்சரிவின அல்ல. 10க்கு 1 சரிவில் அவ்வேகத்தைப் பெற 14 வினாடி போதும். 2021 மார்ச்சில் பசறைப் பகுதியிலும், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர். அவற்றின் காரணங்களை ஆராய்தல் இங்கு நோக்கமன்று. ஆயினும் பசறை வழியே மொனராகலைக்குப் பயணஞ் செய்யும் மாணவர் இறக்கத்தின் பௌதிகத்தை அறிந்திருத்தல் வேண்டும். தடுப்பை ஓயாது மிதித்தால் அது சூடேறி, அதன் உராய்வு குன்றும். கீழே இழுக்கும் நிறையின் கூறோ குன்றாது. தாழ்ந்த கியரில் இறங்குமாறு சாரதிகளுக்குக் கூறுவது இதனாலேயே: எஞ்சினே அப்போது எதிர்விசையின் ஒரு பகுதியைத் தருகின்றது.

வளைவிலே பயணிகள் தம்மை யாரோ வெளியே தள்ளுவதாக உணர்வர். தள்ளுவார் ஒருவருமில்லை. உடல் நேரே செல்ல முயல்கின்றது, பேருந்து திரும்புகின்றது. பேருந்தைத் திருப்புவதோ வீதி: சில்லு வீதியை வெளிப்புறமாகத் தள்ள, வீதி சில்லை உட்புறமாகத் தள்ளுகின்றது. இது மூன்றாம் விதி. 30 மீற்றர் ஆரையுள்ள சமதள வளைவை மணிக்கு 36 கிலோமீற்றரில் கடக்க, நிறையின் மூன்றிலொரு பங்கு உராய்வு வேண்டும். 54 ஆயின் முக்காற் பங்கு வேண்டும். மழையில் நனைந்த வீதி பெரும்பாலும் அத்துணை உராய்வைத் தராது.