கேபிள் அறுந்தாலும் மெயில் போகுமா?

ஆம்பூரிலிருந்து இத்தாலிக்கு ஷூ ஆர்டர் பற்றி இமெயில் அனுப்புகிறீர்கள். வழியில் கடலடி கேபிள் அறுந்துவிட்டால்?

2008 ஜனவரி 30 அன்று அப்படித்தான் நடந்தது. எகிப்தின் அலெக்ஸாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் துண்டாயின. அவற்றில் ஒன்றான சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறும் கேபிள். இந்தியாவில் இன்டர்நெட் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. ஏன்?

மெயில் சிறுசிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு பாதை அடைபட்டால் ரூட்டர்கள் வேறு பாதையில் திருப்பிவிடும். அன்று தகவல்களில் ஒரு பகுதி கிழக்கே பசிபிக் வழியாகச் சுற்றிச் சென்றது.

பாக்கெட் தொலைந்தால்? 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வராவிட்டால் டிசிபி மறுபடி அனுப்பும். சில சமயம் பாக்கெட் சேர்ந்திருக்கும்; பதில்தான் தொலைந்திருக்கும். அப்போது ஒரே பாக்கெட் இருமுறை போய்ச் சேரும். மறுமுனை வரிசை எண்ணைப் பார்த்து ஒன்றை ஒதுக்கிவிடும்.

ஆனால் ஆன்லைனில் பணம் கட்டும்போது திரை அப்படியே நின்றால், பணம் போகவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். நீங்கள் மறுபடி பட்டனை அழுத்தினால் டிசிபிக்கு அது புதிய செய்தி, அது தடுக்காது. முதலில் அக்கவுண்ட்டைப் பாருங்கள், பிறகு அழுத்துங்கள்.