உங்களுக்குத் தெரியுமா? செங்காந்தளில் மருந்தும் நஞ்சும் ஒன்றே

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், உடலின் செல்கள் பிரிவதைத் தடுத்துவிடும். அதனால், ஓயாமல் புதுப்பிக்கப்படும் குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் கடுமையாகப் பாதிக்கப்படும். கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அவை சற்று அடங்கி, பிழைத்தோம் என்று நினைக்கும் வேளையில் ரத்த அணுக்கள் சரியத் தொடங்கியிருக்கும்.

இதே கோல்ச்சிசின்தான் கவுட் என்னும் மூட்டுவலிக்கு மாத்திரையாகிறது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் பகுதி விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் செங்காந்தளைப் பயிரிட்டு விதை எடுப்பதும் அதற்காகவே. அப்படியானால் கிழங்கையே அரைத்துச் சாப்பிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம் என்று அளந்துவைத்த மருந்து. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளியோ மிகக் குறைவு. சித்த மருத்துவம் இதைக் கையாள்கிறதே என்பது நியாயமான கேள்வி. கையாள்கிறது, ஆனால் நஞ்சைக் குறைக்கும் ‘சுத்தி’ என்னும் முறையைச் செய்த பின்னரே. நஞ்சு என்று தெரிந்துதான் நம் மரபே அந்த விதியை வைத்திருக்கிறது. எனவே வீட்டு வைத்தியத்தில் இதற்கு இடமே இல்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து யாரேனும் தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிச்சக் கிழங்கையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.