தில்லிக் குளிரும் காரின் ஹீட்டரும்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பணிமாற்றம் பெற்றுத் தில்லிக்கு வரும் குடும்பங்கள் கம்பளி ஆடைகள் வாங்க மறப்பதில்லை. ஆனால் உடன் கொண்டுவரும் காரின் ஹீட்டரைப் பற்றி அவர்கள் நினைப்பதே இல்லை. தமிழ்நாட்டில் உதகை, கொடைக்கானல் பயணங்களைத் தவிர அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பும் தேவை எழுவதில்லையே!

தில்லியின் சனவரி வேறு. 2021ஆம் ஆண்டு சனவரி 1 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய காலைகளில் குளிரைவிட மூடுபனியே பெரிய இடர். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையை வானிலைத் துறை ‘மிக அடர்ந்த மூடுபனி’ என்று வகைப்படுத்துகிறது.

நாங்கள் அறிந்த குடும்பம் ஒன்று மயூர் விஹாரில் குடியேறிய முதல் குளிர்காலத்தில், சென்னையிலிருந்து கொண்டுவந்த எட்டாண்டுப் பழைய காரில் நிஜாமுதீன் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. வெளியே யமுனையின் மேல் பனி. உள்ளே நால்வரின் மூச்சுக் காற்று முன்கண்ணாடியில் படிந்து வெண்திரையாயிற்று. கணவர் ஓட்ட, மனைவி துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். ஹீட்டரை முழுமையாகத் திருப்பியும் வந்தது குளிர்காற்றுதான்.

அவர்கள் முதலில் அணுகிய பணிமனை, டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்றது. கேட்ட தொகையோ அவர்களின் ஒரு மாதக் கார் கடன் தவணையைவிட அதிகம். இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. எஞ்சினைச் சூடாக்கி, பின்புறத் தடுப்புச் சுவருக்குள் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று கொதித்தது, மற்றொன்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. “அடைப்புதான், கழுவிப் பார்ப்போம்” என்றார்.

காரின் ஹீட்டருக்கெனத் தனி அடுப்பு எதுவும் இல்லை. எஞ்சினைக் குளிர்வித்துச் சுமார் 90 டிகிரி வெப்பத்துடன் திரும்பும் கூலண்ட் திரவத்தில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கையடக்கமான ரேடியேட்டர் ஒன்றின் வழியே ஓடுகிறது. அதுவே ஹீட்டர் கோர். அதன்மேல் வீசும் காற்று சூடாகி உள்ளே வருகிறது. அதன் குழல்கள் மிக மெல்லியவை. கூலண்ட் குறையும்போதெல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பினால், அதிலுள்ள உப்புகள் படியும். துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் நீர்த்துப்போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெண்படிவுதான். பெரிய ரேடியேட்டர் தொடர்ந்து வேலை செய்வதால் வெப்பமானி முள் சரியாகவே நிற்கும். சென்னையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அடைப்பு தில்லியில்தான் வெளிப்படுகிறது.

குழாய்களைத் தொடும் சோதனை இன்னும் சிலவற்றைக் கூறும். இரண்டும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தே வந்தால், காற்றின் வழியை மாற்றும் உள்மடல் பழுதாகியிருக்கலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் கூலண்ட் குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்கலாம். வெப்பமானி முள்ளே உயரவில்லையெனில் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். முன்னிருக்கையின் காலடி விரிப்பு நனைந்து, இனிப்பு மணம் வீசினால் கோர் கசிகிறது. அப்போது கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழுவும் வேலையை எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. இரு குழாய்களையும் கழற்றி, கூலண்ட் வெளியேறும் வழியாகத் தண்ணீரைச் செலுத்துகின்றனர். எதிர்த்திசையில் தள்ளினால்தான் சிக்கிய கசடு வந்த வழியே திரும்பும். தண்ணீர் மெதுவாகவே செல்ல வேண்டும். மோட்டார் பம்பின் அழுத்தத்தை அந்த மெல்லிய குழல்கள் தாங்கா. அமிலம் ஊற்றி விரைவில் முடித்துவிடலாம் என்று எவரேனும் கூறினால் மறுத்துவிடுங்கள்: அலுமினியத்தை அமிலம் அரித்துவிடும். நம் நண்பரின் காரிலிருந்து முதல் வாளியில் வந்தது தேநீர் நிறத் தண்ணீர். திசையை மாற்றி மாற்றிச் செலுத்திய பின்னரே தெளிந்தது.

இறுதியில் ஒருமுறை கனிமம் நீக்கிய நீரால் அலசி, தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிட்ட கூலண்டையே நிரப்ப வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று கொள்ளலாகாது. பொருந்தாத இரு வகைகள் கலந்தால் கூழாகி மீண்டும் அடைக்கும். பிறகு ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிட்டு, “கழுவியும் பயனில்லை” என்போர் பலர். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது நஞ்சு, நாய்களும் பூனைகளும் நக்கிவிடும்.

இச்செலவைக் காப்பீட்டில் பெறலாமா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. வழக்கமான வாகனக் காப்பீடு, தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. கழுவியும் பலன் தராத பழைய கோர்களும் உண்டு. அப்போது முதல் பணிமனை சொன்ன செலவைத் தவிர்க்க இயலாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: வேற்று மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் தில்லியில் வைத்திருந்தால் மறுபதிவு தேவை. கடன் நிலுவையில் இருந்தால் அதற்கு வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

ஹீட்டர் சரியான பின்பும் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி.யையும் சேர்த்து இயக்குங்கள். குளிரில் ஏ.சி.யா என்று வியக்க வேண்டாம். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அக்காற்றைச் சூடாக்கும். நம் நண்பர் குடும்பம் இப்போது அப்படித்தான் பாலத்தைக் கடக்கிறது. துடைக்கும் துணி இன்னும் டேஷ்போர்டின் மேல்தான் கிடக்கிறது.