இரக்கத்துக்கும் பயிற்சி வேண்டும்

குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களின் வழக்குகளை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். நடுவர் ஒருவரும் சமூகப்பணியாளர் இருவரும் சேர்ந்த அமைப்பு அது. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். சரி, அந்த இருக்கையில் யார் உட்காரலாம்? குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலவாழ்வு சார்ந்த வேலைகளில் ஏழாண்டாவது ஈடுபட்டவர் உட்காரலாம். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் உட்காரலாம். சமூகப்பணிப் பட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் அதே சட்டம், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களின் தகுதியைச் சொல்லும்போது சமூகப்பணிப் பட்டத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சமூகப்பணியாளர் என்றே பெயரிட்ட இருக்கைக்குத்தான் அந்தப் படிப்பு விடுபட்டுப் போயிருக்கிறது. சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நல்ல மனசு இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலைதானே என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பே சட்டத்திலும் ஏறியிருக்கிறது.

தமிழில் சமூக சேவை என்றும் சமூகப்பணி என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. வெள்ளத்தின்போது சோற்றுப் பொட்டலம் கட்டுவதும், ரத்ததானம் செய்வதும், ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் சேவை. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். சமூகப்பணி என்பது எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதுகலைப் பட்டத்துக்குக் கற்பிக்கப்படும் துறை. தனிமனிதரோடு, குழுவோடு, ஒரு வட்டாரத்து மக்களோடு வேலை செய்யும் முறைகளும், ஆய்வும் நிர்வாகமும் சமூகச் செயல்பாடும் அதன் பாடங்கள். சென்னையின் ஸ்டெல்லா மாரிஸ் போன்ற பெண்கள் கல்லூரிகளிலும் இது கற்பிக்கப்படுகிறது. சேவையைக் குறைத்துப் பேச இங்கே இடமில்லை. ஆனால் சேவை முடிகிற இடத்தில் பணி தொடங்குகிறது; அந்த இடத்தில் பயிற்சியில்லாத இரக்கம் தீங்கே செய்துவிடக்கூடும்.

அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை நினைத்துப் பாருங்கள். ஓர் இளம்பெண் படுத்திருக்கிறாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்கிறாள். கட்டிலருகே மாமியார் நிற்கிறார். நல்ல மனம் மட்டுமே உள்ளவர் என்ன செய்வார்? மாமியாருக்கு எதிரிலேயே ‘உண்மையைச் சொல்லும்மா’ என்று கேட்பார்; அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள். அல்லது ‘குழந்தைகளுக்காக அனுசரித்துப் போம்மா’ என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலே அவளை மறுபடியும் நெருப்புக்குள் அனுப்பக்கூடும். பயிற்சி பெற்றவர் முதலில் உறவினர்களை வெளியே இருக்கச் செய்து, தனியே பேச வழி பார்ப்பார். அவசரப்படுத்த மாட்டார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்வார். புகார் கொடுக்க அவள் தயாராக இல்லையென்றால் அந்த முடிவை மதிப்பார். அதோடு விட்டுவிடாமல், வீடு திரும்பினால் ஆபத்து வரும்போது யாரிடம் போவது, எந்தக் காகிதங்களைக் கையில் வைத்திருப்பது என்று அவளோடு உட்கார்ந்து திட்டமிடுவார். இன்னொன்றையும் பாருங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அழுதுகொண்டே கெஞ்சும். இரக்கப்பட்டவர் சரி என்று வாக்குக் கொடுத்துவிடுவார். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படியொரு குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தால், ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட குழந்தை இரண்டாம் முறையும் ஏமாறும். எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். இதெல்லாம் பிறவிக் குணத்தால் வருவதில்லை, கற்றுக்கொண்டுதான் வருகிறது.

எப்படிக் கற்பிக்கிறார்கள்? வகுப்பறையில் பாதி, களத்தில் பாதி என்று சொன்னால் மிகையாகாது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது பொதுவான நடைமுறை. முதலில் பலவகை அமைப்புகளைப் பார்த்துவரும் பயணங்கள். பிறகு மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், நகரத்தின் ஓரத்துக்கு மாற்றப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகள் என்று ஓரிடத்தில் தொடர்ந்து வேலை. நடுவில் கிராம முகாம். முடிவில் ஒரே நிறுவனத்தில் முழுநேரப் பயிற்சி. ஒரு விதவைத் தாய்க்கு உதவித்தொகை வாங்கித் தருவது என்ற ஒரு வேலைக்கே வருவாய்த் துறை எப்படி இயங்குகிறது, எந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எந்த மேசையில் மனு தேங்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய பாடம், மனுவை அந்தத் தாயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி துணை நிற்பது. நாமே ஓடிப்போய்ச் செய்து முடித்தால் அவர் அடுத்த முறையும் நமக்காகக் காத்திருப்பார்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி மேற்பார்வை. ஒவ்வொரு களநாளுக்கும் மாணவி ரெகார்டு எழுத வேண்டும்: யாரைப் பார்த்தேன், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது. ஆசிரியை அதைப் படித்துவிட்டு அவளை உட்காரவைத்துப் பேசுவார். அந்த வீட்டில் கொடுத்த தண்ணீரை ஏன் குடிக்கவில்லை? குடிகாரக் கணவனிடம் பேசாமல் ஏன் வந்தாய்? அந்தப் பாட்டி அழுதபோது ஏன் பேச்சை மாற்றினாய்? இப்படிப்பட்ட கேள்விகளின் முன்னால்தான் ஒருத்தி தனக்குள் ஊறிப்போன சாதியையும் பயத்தையும் தன் வீட்டு வழக்கங்களையும் அடையாளம் காண்கிறாள். மற்ற படிப்புகளில் கருவி வெளியே இருக்கிறது; இங்கே மாணவியேதான் கருவி. அந்தக் கருவியைச் சாணை பிடிக்க வாரந்தோறும் ஒருவர் அருகே இருக்க வேண்டும். ஏழாண்டு அனுபவம் இதற்கு ஈடாகாதா என்று கேட்கலாம். திருத்துவாரில்லாத அனுபவம் சில நேரம் ஒரே தவற்றை ஏழாண்டு செய்வதாகவும் முடியும்.

பெண்கள் கல்லூரிக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவு பழையது. முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய படைவீரர்களுக்கு உதவ ஆள் தேவைப்பட்டபோது, 1918-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரி, பாஸ்டன் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அந்த மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவுத் தலைவி மேரி ஜாரட் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். கோடையில் வளாகத்தில் பாடம், பிறகு மாதக்கணக்கில் மருத்துவமனைகளில் பயிற்சி என்று அவர்கள் அன்று வகுத்த வரிசையின் சாயல் அந்தப் பள்ளியில் இன்றும் உண்டு. இந்தியாவில் 1936-இல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளிதான் இந்தத் துறைக்கு முதல் உயர்கல்வி நிலையம். சென்னையில் அதற்கான தரையைப் பண்படுத்தியவர்கள் பெண்கள். இளம் விதவைகளைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமி, 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பை வளர்த்த மேரி கிளப்வாலா ஜாதவ் ஆகியோர் ஒரு வரிசை. சேவையிலேயே ஊறிய மேரி கிளப்வாலாதான் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் என்ற பயிற்சிப் பள்ளி எழக் காரணமானார். சேவையை மிக நன்றாக அறிந்தவரே, அது மட்டும் போதாது என்று கண்டு கட்டிய பள்ளி அது.

மேற்கிலிருந்து வந்த படிப்பு நம் ஊருக்கு ஒட்டுமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. தனிமனிதரையே மையமாக வைத்து அங்கே எழுதிய பாடநூல், சாதியும் கூட்டுக் குடும்பமும் ரேஷன் அட்டையும் முடிவு செய்கிற வாழ்க்கையை முழுதாகப் பார்க்காது. அந்தக் குறையை நிரப்பியதும் களப்பணிதான். டாடா அறக்கட்டளை தொடங்கிய அதே கல்வி நிறுவனம் 1984-இல் மும்பைக் காவல்துறைக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கிச் சமூகப்பணியாளர்களை அமர்த்தியது. 1996-இல் அதே நிறுவனத்தின் களத்திட்டமாகத் தொடங்கியதுதான், இன்று சிறு குழந்தையும் சொல்லும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். இவை எந்த அயல்நாட்டுப் பாடநூலிலிருந்தும் எடுத்தவை என்று சொல்ல முடியாது. காவல் நிலையத்து பெஞ்சிலும் ரயில் நிலையத்து நடைமேடையிலும் கண்ட தேவையிலிருந்து பிறந்தவை.

சுற்றுச்சுவருக்குள் பெண்கள் மட்டுமே படித்துவிட்டு, ஆண்கள் நிறைந்த காவல் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். களப்பணி இருக்கிற படிப்புக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் அவள் இருப்பதே அந்த இடங்களில்தான். சென்னையில் மதுவுக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென 1980-இல் மருத்துவ நிறுவனம் ஒன்றை நிறுவி வளர்த்த சாந்தி ரங்கநாதன் ஒரு பெண். அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் கல்லூரியின் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. திருமணத்துக்குள் நடக்கும் வன்முறை, கருக்கலைப்பு, குழந்தைப் பருவத்தில் பட்ட காயம் ஆகியவற்றைப் பற்றி வகுப்பில் குரல் தாழ்த்தாமல் பேசிப் பழகியவளால்தான் அவற்றைச் சொல்ல வருகிறவரின் முன்னால் முகம் சுளிக்காமல் உட்கார முடியும். வெளியூர்க் கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்களும் பெண்கள் கல்லூரி என்றால் சம்மதிக்கின்றன. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பெண்ணுக்கு இந்தத் தொழிலின் கதவு அப்படித்தான் திறக்கிறது. அவள் கொண்டுவருவது, உதவி கேட்டு நிற்கும் குடும்பத்தின் நிலையை உள்ளிருந்தே அறிந்த அறிவு.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பிறரைப் பேணுவது பெண்ணின் கடமை என்று காலங்காலமாகச் சுமத்திவிட்டு, அதையே பட்டமாக்கிக் குறைந்த சம்பளத்துக்கு அவர்களையே அனுப்புவது எந்த விதத்தில் விடுதலை? இந்த ஆபத்து உண்மையானது. ஆனால் பயிற்சியைக் கைவிட்டால் பேணும் வேலை மறைந்துவிடாது. அது மறுபடியும் கூலியில்லாத, பெயரில்லாத வேலையாகப் பெண்கள் தலையிலேயே விழும். செவிலியர் தொழிலும் இப்படிக் கடமை என்றும் தொண்டு என்றும் பார்க்கப்பட்டதுதான். 1947-இல் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் வந்து, செவிலியர் பயிற்சிக்கு நாடு முழுதும் ஒரே தரம் வகுக்க வழி உண்டானது. செவிலியர்களின் ஊதியப் போராட்டம் இன்னும் முடியவில்லை என்பது நிஜம். எனினும் போராடுவதற்கு அவர்கள் காலுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. சமூகப்பணியாளர்களுக்கு அந்தத் தரை பாதிதான் போடப்பட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்றால் சமூகப்பணியில் முதுகலையும், மேற்பார்வையோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியும் பெற்றவர் என்று தெளிவாக வரையறுக்கிறது. குழந்தைகள் இல்லத்திலும் குடியிருப்பிலும் குடும்ப நல ஆலோசனை மையத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இப்படியொரு வரையறையைக் காணோம். பட்டம் பெற்றவரும் பெறாதவரும் அங்கே ஒரே பெயரில், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் நிற்கிறார்கள்.

ஆகவே கல்லூரிகளிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை உண்டு. களப்பணியை வருகைப்பதிவுச் சடங்காக விடாமல், ஒவ்வோர் ஆசிரியைக்கும் பேசித் திருத்த முடிகிற அளவுக்கே மாணவிகளை ஒதுக்குவது கல்லூரியின் பொறுப்பு. பயிற்சி பெற்றவர்களுக்கு நிரந்தரப் பணியிடமும் தகுந்த ஊதியமும் தருவது அரசின் பொறுப்பு. இவற்றுக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் அந்தத் தகுதிப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு இரண்டும் அதிகம் வேண்டியதில்லை. பிடிபட்ட ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் குழுமத்தின் முன்னால் நிற்கும்போது, எதிரே சமூகப்பணியாளர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பணியைக் கற்றவராக இருப்பதற்கு அந்த ஒரு சொல் வழி திறக்கும்.