கட்டுத்தறியும் தாவணியும்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளைப் படித்த மாணவர்கள் இதனை அறிந்திருப்பார்கள். அழிவற்ற செல்வம் கல்வியே என்று கூறவந்த வள்ளுவர், மற்றவையெல்லாம் செல்வம் ஆகா என்று மறுக்கும் இடத்தில் அந்தச் சொல்லையே ஆண்டிருக்கிறார். வள்ளுவரோடு வழக்காட நான் வரவில்லை. ஆனால் மாடும் ஆடும் வளர்ப்பதே ஒரு கல்விதான் என்பதையும், அந்தக் கல்விக்குத் தேர்வு ஒன்று உண்டு என்பதையும் இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அத்தேர்வு நடக்கும் இடத்திற்குத் தாவணி என்று பெயர். மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிற்றுக்கு வழங்கிய பெயர், நாளடைவில் மாடுகள் கூடும் சந்தைக்கே ஆகிவிட்டது.

சேர்வராயன் மலை, கொல்லிமலை, காவிரி ஆகியவற்றுக்கு இடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. செம்மண் நிலம், ஆற்றுப் பாய்ச்சல் கிடைக்கும் ஊர்கள் சில, ஏனையவை மழையையும் கிணற்றையும் நம்பியவை. மின்சாரம் வருவதற்கு முன் ஆழக் கிணற்றின் நீரை மேலே ஏற்றியவை எருதுகள். இதனைக் கவலை இறைத்தல் என்பார்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் மாட்டைப் பாலுக்காக மதித்தது பிற்பாடு. முதலில் மதித்தது உழைப்பிற்காக. தெற்கே திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் காங்கேயம் மாடு. வடக்கே காவிரி சமவெளிக்கு இறங்கும் மலைப்புறத்தில் ஆலம்பாடி மாடு. 1965 வரை அந்தப் பகுதியும் சேலம் மாவட்டத்திலேயே இருந்தது; இன்று அது தருமபுரி மாவட்டம். மேட்டூரை அடுத்த மேச்சேரியின் பெயரால் ஒரு செம்மறி இனம் உண்டு. அதற்குக் கம்பளி இல்லை. வெளிர் பழுப்பு நிறக் குறுமயிர்தான். அதன் தோலைத் தோல் வணிகர்கள் தேடி வாங்குவார்கள்.

நாமக்கல் என்றவுடன் உங்களில் பலருக்கு முட்டை நினைவுக்கு வரும். அது வேறு உலகம். ஆயிரக்கணக்கில் கூண்டில் இருக்கும் கோழிக்கு யாரும் பெயரிடுவதில்லை. நான் பேசுவது பெயரிட்டு வளர்க்கும் பிராணியைப் பற்றி.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது மாதமும் பத்து நாளும். கன்று பிறந்தவுடன் வளர்ப்பவனுக்கு முதல் பாடம் தொடங்கிவிடுகிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றலில் ஒரு பங்கு கருவிலேயே கிடைத்துவிடும். கன்றுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. அதற்கு வேண்டிய காப்பு முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தக் காப்பைக் குடல் உள்ளபடியே ஏற்றுக்கொள்வதும் முதல் சில மணி நேரத்தில்தான். ஒரு நாள் கழிந்தால் அந்த வாயில் மூடிவிடும். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்று நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் சொன்ன எத்தனையோ நல்ல முறைகளுக்கு நடுவே இது ஒரு தவறான முறை. இதனால் இறந்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவாவது சீம்பால் முதல் நாளிலேயே அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். அதுவும் முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்கிவிட வேண்டும். நள்ளிரவில் ஈன்றால் நள்ளிரவில் எழ வேண்டியதுதான். விடியட்டும் என்று கன்றின் உடல் காத்திருப்பதில்லை.

காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவந்த நிறமாக இருக்கும். ஆறு மாத அளவில் அந்தச் சிவப்பு மாறிச் சாம்பல் நிறம் படரும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னும் பின்னும் கருமை ஏறும். நிறத்தைக் கொண்டே மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று பெயர் சொல்லி அழைப்பார்கள். பிறந்த நாளில் கண்ட நிறத்தை வைத்து, இது இப்படித்தான் வளரும் என்று முடிவு கட்டுபவனை இந்தக் கன்று ஏமாற்றிவிடும்.

பேசாத உயிரை வளர்க்கும்போது கண்ணும் கையும் வேறு விதமாகப் பழகுகின்றன. நலமாக உள்ள மாட்டின் மூக்குத்தண்டில் எப்போதும் பனித்துளி போல ஈரம் இருக்கும். காய்ச்சல் கண்டால் அது வறண்டு போகும். தின்று முடித்துப் படுத்த மாடு அசை போட வேண்டும்; அசை நின்றால் உள்ளே ஏதோ நின்றுவிட்டது என்று பொருள். சாணத்தின் இளக்கம், காதின் சூடு, தண்ணீர்த் தொட்டியருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும் விதம் ஆகிய எல்லாவற்றையும் தினந்தோறும் ஒரே நேரத்தில் பார்த்தவனுக்கே மாற்றம் தெரியும். வாரத்திற்கு ஒருமுறை வந்து பார்ப்பவன் எவ்வளவு படித்தவனாயினும் அவனுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி, "நேற்று எப்படி இருந்தது?" என்பதுதான். நேற்றை அறியாதவனிடம் அந்தக் கேள்விக்கு விடை இராது.

எருதைக் கவலைக்குப் பழக்கிய முறையைக் கேட்டால் இன்றைய மாணவர் வியப்படைவர். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை வெட்டியிருப்பார்கள். எருதுகள் அச்சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டு, நீர் நிறைந்த தோற்சால் மேலே வரும். கவலை ஓட்டுபவன் தானும் வடக்கயிற்றில் உட்கார்ந்து, தன் எடையையும் எருதுக்குத் துணையாகக் கொடுப்பான். நீர் வாய்க்காலில் கொட்டியதும் எருதுகள் திரும்பாமல், பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு வரவேண்டும். நான்கு கால் பிராணி பின்னோக்கி ஏறுவது இயல்பான செயல் அன்று. அடித்தால் அது முன்னே பாயுமே தவிரப் பின்னே வராது. பழகிய எருதோடு பழகாததை இணைத்து, குரலாலும் கயிற்றின் மெல்லிய இழுப்பாலும் நாள் பலவாகக் கற்பித்தார்கள். கற்பிப்பவனுக்குக் கோபம் வந்த அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதே நல்லது. மறுநாள் எருது சென்ற பாடத்தையும் சேர்த்து மறந்திருக்கும்.

இனித் தாவணிக்கு வருவோம். கொங்கு நாட்டில் பெரிய தாவணிகள் கோயில் திருவிழாக்களை ஒட்டிக் கூடுகின்றன. காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்தில் சித்திரையில் கூடுவதும், அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடியில் கூடுவதும் புகழ்பெற்றவை. நாமக்கல்லுக்கு அருகே புதன்சந்தை என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. ஊர்ப் பெயரை நம்பிப் புதன்கிழமை போகிறவர் வெறும் திடலைத்தான் பார்ப்பார்.

வாங்க வருபவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பார். மாட்டின் மேல்தாடை முன்பகுதியில் பல் கிடையாது. கீழ்த்தாடையில் மட்டும் எட்டுப் பற்கள். பால்பல் விழுந்து நடு இரண்டு பற்கள் முளைக்கும்போது வயது ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை. நான்கு பல்லுக்கு மூன்று. ஆறு பல்லுக்கு நான்கை ஒட்டி. எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தால் ஐந்தை ஒட்டி. பிறப்புச் சான்றிதழ் வாயிலேயே இருக்கிறது. பிறகு நடக்க விட்டுப் பார்ப்பார்; பின்னங்கால் முன்னங்காலின் சுவட்டில் விழுகிறதா என்று கவனிப்பார். எடையை அறியவும் வழி உண்டு. நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, முந்நூறால் வகுத்தால் ஏறத்தாழ எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்றால் எடை 600 பவுண்டு. அதாவது சுமார் 272 கிலோ. கணக்குப் பாடத்தில் மனம் செல்லாத மாணவர்கள் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போகலாம்.

சுழி பார்ப்பதும் உண்டு. நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தைக் கொண்டு, இந்த மாடு குடும்பத்தை வாழவைக்கும், அது கெடுக்கும் என்று சொல்வார்கள். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அருமையான காளைகள் பல, சுழி சரியில்லை என்ற ஒரு சொல்லால் பாதி விலைக்குப் போயிருக்கின்றன. அந்தச் சொல்லை முதலில் எழுப்புபவர் பெரும்பாலும் வாங்க விரும்புபவராகவே இருப்பார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

விலை பேசுவது வாயால் அன்று. தரகரும் வாங்குபவரும் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்துத் தொகையைச் சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டுமே தெரியும்.

இங்கேதான் வளர்த்தவனுடைய நேர்மையும் சோதனைக்கு வருகிறது. தாவணிக்கு முதல்நாள் உப்பும் தண்ணீரும் மிகுதியாகக் கொடுத்து வயிற்றை நிரப்பிக் காட்டுவோர் உண்டு. கொம்பின் வளையங்களைச் சீவி வயதைக் குறைப்போர் உண்டு. கறவைப் பசுவைக் கறக்காமல் விட்டு, மடி புடைத்துக் காட்ட வைப்பதற்கு 'மடி கட்டுதல்' என்றே பெயர். வலி தாளாமல் நிற்கும் அப்பசுவின் பின்னங்கால்களைப் பார்த்தாலே விவரம் அறிந்தவர் தெரிந்துகொள்வார். அவர் விற்பவனின் பேச்சைக் கேளாமல், இரண்டு வேளை தாமே கறந்து பார்த்துப் பணம் கொடுப்பார். ஓர் ஆண்டு தீனியைக் குறைத்தவன் ஓர் இரவில் அதனை ஈடு செய்ய முடியாது. விலா எலும்பும் மயிரின் மினுமினுப்பும் உண்மையைச் சொல்லிவிடும்.

இவையாவது வாங்குபவர் ஒருவரையே ஏமாற்றுபவை. நோயை மறைத்துத் தாவணிக்குக் கொண்டுவருவது ஊரையே கெடுப்பது. கோமாரி கண்ட மாடு ஒன்று வரிசையில் நின்றால், அங்கிருந்து பல ஊர்களுக்கு அந்நோய் நடந்தே போய்ச் சேரும். முற்காலத்தில் வெக்கை நோய் இவ்வாறே சந்தை வழியாகப் பரவி, மாட்டுக் கொட்டில்களைக் காலி செய்தது. தடுப்பூசியும் கண்காணிப்பும் பல்லாண்டு தொடர்ந்து நடந்ததால் அது இந்தியாவில் 1995-க்குப் பின் காணப்படவில்லை. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றிலும் ஒழித்த நோய்கள் இரண்டே. பெரியம்மை ஒன்று, இது மற்றொன்று. தன் மாட்டுக்கு நோய் கண்டதும் மறைக்காமல் சொன்ன எளிய குடியானவர்களுக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு.

மின் மோட்டார் வந்தது, கவலை நின்றது. டிராக்டரும் லாரியும் வந்தன. ஏரும் வண்டியும் ஒதுங்கின. உழைப்பிற்காகப் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய எருதுக்கு உழைப்பே இல்லாமற் போயிற்று. 1936-இல் லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலில் காங்கேயமும் ஆலம்பாடியும் சிறப்பான இடம் பெற்றிருக்கின்றன. இன்று ஆலம்பாடி மாட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் தடை செய்தபோதும், 2017 சனவரியில் மாணவர்கள் திரண்டு எழுந்தபோதும், நாட்டு மாட்டினம் அழிகிறது என்ற பேச்சு எங்கும் கேட்டது. 2023-இல் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் முழக்கத்தால் ஓர் இனம் பிழைக்காது. யாரேனும் ஒருவர் விடியற்காலையில் எழுந்து தீனி வைக்க வேண்டும். வெயிலில் காளை வளர்த்து, சினைக்கு விட்டு, கன்றைக் காக்கும் சிறுகுடியானவருக்கு அதில் வருவாயும் இருக்க வேண்டும். மேச்சேரி ஆட்டுக்கு இந்த நல்வாய்ப்பு ஓரளவு கிட்டியது. அதனை இறைச்சிக்கும் தோலுக்கும் மக்கள் விரும்பினர். 1978-இல் பொட்டனேரியில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நடந்து வருகிறது. இத்துறைக்குப் போக விரும்பும் மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியபின், வளர்ப்பவர் பேசத் தயங்கும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. அது பிரிவு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1902-இல் கிரகாம் என்னும் பள்ளி அதிகாரி சிறுவர் சிறுமியருக்காக ஒரு கழகம் தொடங்கினார். தலை, உள்ளம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் வளர்ப்பது என்ற பொருளில் பின்னர் அது 'நான்கு-எச்' இயக்கமாக வளர்ந்தது. அங்கே பிள்ளைகள் கன்றையோ ஆட்டையோ தாமே வளர்த்து, மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டு வந்து, நடுவர்முன் நடத்திக் காட்டுவார்கள். பரிசு பெற்ற பிராணி பல நேரங்களில் அன்றே ஏலம் போகும். பரிசுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை அழுவது அங்கே புதிய காட்சி அன்று. நம் குடியானவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கழகம் வேண்டியிருக்கவில்லை. பட்டிப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டிய கன்றை, அடுத்த தாவணியில் விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டிய வீடுகள் இச்சமவெளியில் ஏராளம். அன்பில்லாமல் விற்றார்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. விற்பதற்காகவே வளர்த்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே கையில் இருந்தன.

மாட்டை விற்பவர் அதன் கழுத்துக் கயிற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. வாங்குபவர் தாவணியிலேயே புதுக்கயிறு வாங்கிக் கட்டி ஓட்டிச் செல்வார். பழைய கயிறு விற்றவரோடு வீடு திரும்பும். அதனைக் கட்டுத்தறியின் கம்பத்தில் மாட்டி வைப்பார்கள். அடுத்த கன்று வளர்ந்து நிற்கும் வரை அது அங்கேயே தொங்கும்.