ஏரி வாய் அடைத்தால் அடுப்பு எரியாது! பழவேற்காட்டில் துடுப்புப் படகும் 'பாடு' முறையும்

பொன்னேரி:-

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் சின்னச் சின்ன படகுகள் ஒவ்வொன்றாக தண்ணீரில் இறங்குகின்றன. என்ஜின் சத்தம் இல்லை. பின்னால் நிற்பவர் நீண்ட கழியை சேற்றில் ஊன்றித் தள்ளுகிறார். முன்னால் இருப்பவர் துடுப்பு போடுகிறார். நடுவில் வலையும், ஒரு கட்டு கழிகளும், சோற்றுத் தூக்கும் கிடக்கின்றன.

இந்தப் படகு இன்றைக்கு ஏரியில் எந்த இடத்தில் வலை கட்ட வேண்டும் என்பதை ஊர் கூடி சீட்டுப் போட்டு ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்த வலையில் இறால் விழுமா, விழாதா என்பது ஊர் கையிலும் இல்லை, சீட்டு கையிலும் இல்லை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் திறந்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. வாய் அடைத்தால் பல நூறு குடும்பங்களில் அடுப்பு எரியாது.

2-வது பெரிய ஏரி

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக 2-வது பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டுக்கு சொந்தம்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. அங்கிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகவேண்டாம் என்று பழவேற்காடு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து ஏரியில் கொட்டுகின்றன. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. இரண்டும் கலப்பதால்தான் இங்கே இறால், நண்டு, மடவை, கொடுவா, கிழங்கான் எல்லாம் கிடைக்கின்றன.

படகின் அடி தட்டையாக இருப்பது ஏன்?

ஏரி பார்க்க கடல் மாதிரி இருக்கும். ஆனால் இறங்கினால் பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். சில இடத்தில் முழங்காலோடு சரி. அடியில் சேறும் மணல் திட்டும் மாறி மாறி வரும்.

கடலில் ஓடும் படகுக்கு அடிப்பாகம் ஆழமாக இறங்கி இருக்கும். அதை இங்கே கொண்டு வந்தால் சேற்றில் சொருகி நின்றுவிடும். அடி தட்டையாக இருக்கும் படகு தண்ணீருக்குள் கொஞ்சம்தான் அமிழும். ஒரு அடி தண்ணீர் இருந்தாலே போதும், நகர்ந்துவிடும். நின்றுகொண்டு வலையை இழுத்தாலும் அவ்வளவு சீக்கிரம் ஆடாது. துடுப்பு எட்டாத இடம் இல்லை, கழி ஊன்றாத இடம் இல்லை என்பதால் டீசல் செலவும் கிடையாது.

2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகளும் என்ஜின்களும் இந்தப் பக்கம் அதிகமாக வந்தன. கடலுக்குப் போகிறவர்களுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் என்ஜின் விசிறி சேற்றையும் வலையையும் சேர்த்து சுற்றிக்கொள்ளும். அதனால் ஏரிக்குள் இன்றைக்கும் கழிக்கும் துடுப்புக்கும் மவுசு குறையவில்லை.

'பாடு' என்றால் என்ன?

ஏரியில் எல்லா இடமும் ஒன்று அல்ல. முகத்துவாரத்தை ஒட்டி தண்ணீர் இழுவை உள்ள இடங்களில் இறால் அதிகம் விழும். தள்ளிப் போகப்போக குறையும். நல்ல இடத்தை வல்லவன் பிடித்துக்கொண்டால் எளியவன் என்ன செய்வான்? இதற்கு முன்னோர்கள் கண்டுபிடித்த வழிதான் பாடு முறை.

வலை கட்டும் இடங்களை ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்த இடத்துக்கும், அங்கே வலை போடும் முறைக்கும் பாடு என்றே பெயர். ஊரில் உரிமை உள்ள தலைக்கட்டுகள் குழுவாகப் பிரிந்து சீட்டுப் போடுவார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போகவேண்டும். இன்றைக்கு கையைப் பிசைந்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் கிடைக்கும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய 3 ஊர்கள் பாடு உரிமைக்குப் பேர் போனவை.

பாட்டில் பெரும்பாலும் கட்டுவது சுத்துவலை. தண்ணீர் ஓடும் பாதையில் கழிகளை வரிசையாக ஊன்றி வலையைச் சுற்றிக் கட்டுவார்கள். வற்றம் வரும்போது தண்ணீர் கடலை நோக்கி ஓடும். அதோடு சேர்ந்து போகும் இறால் வலையில் மாட்டும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுவை அதிகம், இறாலும் அதிகம். ஏரியில் வேலை நேரத்தைச் சொல்வது கடிகாரம் இல்லை, நிலாதான்.

முறை தவறி இன்னொருவர் பாட்டில் வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று பதில் சொல்லவேண்டும். அபராதமும் உண்டு.

பாடு இல்லாதவர்கள்

இந்த முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாடு உரிமை இல்லாத ஊர்க்காரர்களுக்கு நல்ல இடத்தில் பங்கு கிடையாது. ஏரி எல்லாருக்கும் பொது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடானது. புதிதாக பலர் ஏரியில் இறங்கினார்கள். ஊருக்கும் ஊருக்கும் தகராறு, தமிழக மீனவர்களுக்கும் ஆந்திர மீனவர்களுக்கும் எல்லைத் தகராறு, அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் என்று பல முறை நடந்திருக்கிறது.

படகு கூட இல்லாதவர்களும் உண்டு. இருளர் இன மக்கள் ஏரியின் ஓரங்களிலும் கால்வாய்களிலும் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம். பனை ஓலையில் பின்னிய பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் துழாவும். அகப்பட்ட இறால் பறிக்குள் போகும். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால்தான் அன்றைக்கு அரிசி.

பாடு உள்ளவர், இல்லாதவர், படகே இல்லாதவர் என்று இவர்களுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். எல்லாரும் நம்பி இருப்பது ஒரே முகத்துவாரத்தைத்தான்.

இறால் எங்கிருந்து வருகிறது?

ஏரியில் பிடிக்கும் வெள்ளை இறால் ஏரியில் பிறப்பது இல்லை. தாய் இறால் கடலில் முட்டை இடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. ஏரி ஆழம் இல்லாதது, தீனி அதிகம், பெரிய மீன் தொல்லை குறைவு. சில மாதம் இங்கே வளர்ந்துவிட்டு முட்டை இடுவதற்காக மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பும் வழியில்தான் பாட்டு வலையில் விழுகிறது.

ஆக, வாசல் மூடினால் குஞ்சு உள்ளே வராது. உள்ளே வராதது வலையில் விழாது. சீட்டில் நல்ல பாடு கிடைத்தாலும் வெறும் படகோடுதான் திரும்ப வேண்டும்.

வாய் அடைப்பது ஏன்?

கடல் ஓரமாக அலையும் நீரோட்டமும் எந்நேரமும் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆறுகளில் வெள்ளம் வந்தால் அது முகத்துவாரத்தில் கிடக்கும் மணலை அடித்துக்கொண்டு கடலில் சேர்த்துவிடும். மழை நின்று ஆறு வறண்டால் மணலைத் தள்ள ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேடு தட்டி வாய் சுருங்கும். சில ஆண்டுகளில் முழுவதும் அடைத்தே போய்விடும்.

அப்போது இரண்டு பக்கமும் கஷ்டம். கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். சில இடங்களில் கடலை விட அதிகமாகக் கரிக்கும், மீன் தாங்காது. கடலுக்குப் போகும் படகுகளும் மணலில் தட்டி நிற்கும். ஒவ்வொரு முறையும் மணலைத் தோண்டி எடுப்பதும், அடுத்த சில மாதத்தில் மறுபடி மூடுவதும் வாடிக்கையாக இருந்தது. இதற்கு முடிவு கட்ட, முகத்துவாரத்தின் இரு பக்கமும் கற்களால் தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தை சுமார் 27 கோடி ரூபாய் செலவில் தமிழக அரசு அறிவித்தது. மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இதைத்தான்.

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிலிகா ஏரியே சாட்சி. அங்கேயும் மண் அடைத்து மீன் வரத்து படுத்துவிட்டது. 2000-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கடலுக்குப் புதிதாக ஒரு வாய் வெட்டித் திறந்தார்கள். அடுத்த 2 ஆண்டுக்குள் மீன், இறால், நண்டு வரத்து பல மடங்கு கூடியது.

பறவை மீது கை வைத்தால் ஜெயில்

இதே தண்ணீரை நம்பி இன்னொரு கூட்டமும் வருகிறது. மழைக்காலம் தொடங்கியதும் பூநாரை, கூழைக்கடா, வாத்து வகைகள் என்று பல ஆயிரம் பறவைகள் இங்கே இறங்குகின்றன. ஏரியின் தமிழகப் பகுதி 1980-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சத்தம் இல்லாமல் பறவைக்குப் பக்கத்தில் போக துடுப்புப் படகு வசதியானது. அதற்காக துப்பாக்கியோ கண்ணியோ எடுத்துக்கொண்டு போனால் ஜெயில்தான். வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 1972-ன் படி சரணாலயத்தில் வேட்டை ஆடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதம் தனி.

22 உயிர்கள்

படகைப் பற்றி வெளியூர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் போன மீன்பிடி படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உள்பட 22 பேர் பரிதாபமாக உயிர் இழந்தனர். அதன் பிறகு சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்ற தடை விதிக்கப்பட்டது. தடையை மீறி ஏற்றுவதாக பிறகும் புகார்கள் வந்தன.

மீன்பிடி படகு 2 பேர், 3 பேர், வலை, மீன் என்ற கணக்கில் கட்டியது. தட்டையான அடி அமைதியான தண்ணீரில் ஆடாமல் நிற்கும். ஆனால் கூட்டம் ஏறி எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதற்கு மேல் நிமிர்த்த நேரம் இருக்காது. முகத்துவாரத்தில் அலையும் இழுவையும் சேரும் இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு ரவுண்டு கேட்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

வெயில் ஏறும்போது படகுகள் கரை திரும்புகின்றன. கூடைகளோடு பெண்கள் காத்திருக்கிறார்கள். இறால் கொட்டியதும் ஏலம் தொடங்குகிறது. வாய் திறந்திருக்கும் நாளில் கூடை நிறையும், கடைக்காரர் பாக்கி அடையும். அடைத்த நாளில் கழியும் துடுப்பும் கரையில் சாய்ந்து கிடக்கும். பாடு சீட்டு மட்டும் மடியில் இருக்கும்.